இரண்டு முறை வந்த இரண்டு மணி

அக்டோபரின் கடைசிச் சனி இரவு.
டிரெஸ்டனுக்கு வெளியே, பைன் மரங்களுக்குள்
எங்கள் நியூட்ரான் கூடம்.
முடுக்கிக்கு ஹைக்கோ,
எண்ணுவதற்கு நான்.

பொட்டளவு இரும்புத் தகடு,
நூற்று ஐம்பத்து நான்கு மில்லிகிராம்.
முன்னும் பின்னும் அலுமினியம்,
எத்தனை நியூட்ரான் வந்தது என்று சாட்சி சொல்ல.

என்றோ ஒருநாள்
சூரியனைப் போல ஒன்றைப் பூட்டி வைத்து எரிப்பார்களாம்.
அதன் சுவருக்கு எந்த எஃகு?
அந்தப் பெரிய கேள்வியின் ஓரத்தில் ஒரு நூலிழை
எங்கள் கையில்.

நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை,
வாசலில் எவரும் மறிப்பதில்லை.
நாலாயிரத்துச் சொச்சம் பேர் சும்மா கடந்துபோக
ஒன்று மட்டும் உள்ளே புகுந்து
ஒரு புரோட்டானை வெளியே தள்ளிவிட்டு
அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.
அத்தோடு அந்த இரும்பு மாங்கனீசு.

இந்த வாய்ப்பை அளக்கும் அலகுக்குப் பெயர் பார்ன்.
களஞ்சியம்.
கண்ணை மூடி எறிந்தாலும் கல் படும் என்று
யாரோ கேலியாய் வைத்தது.
ஒரு சதுர சென்டிமீட்டரைக் கோடியாய் நறுக்கு,
அதில் ஒன்றை எடுத்துக் கோடியாய்,
அதில் ஒன்றை மறுபடி கோடியாய்,
கடைசித் துணுக்கை ஆயிரமாய்.
அவ்வளவு பெரிய களஞ்சியம்.
இரும்பு காட்டுவது
அதில் ஒன்பதில் ஒரு பங்கு.

இரண்டு இருபதுக்குக் கற்றையை நிறுத்தினோம்.
கதவு திறக்கவில்லை.
உள்ளே அடங்கிவிட்டது என்று அளவி சொல்ல,
இல்லை என்று சிவப்பு விளக்கு பிடிவாதம் பிடித்தது.
ஹைக்கோ கையேட்டைப் புரட்டினான், யாரையோ எழுப்பினான்,
கடைசியில் ஒரு பியூஸை மாற்றினான்.
மாங்கனீசின் அரை ஆயுள் இரண்டரை மணியும் ஐந்து நிமிடமும்.
கதவுக்கு அந்தப் பக்கம்
அது பாட்டுக்குக் கரைந்துகொண்டிருந்தது.

தகட்டை இடுக்கியில் பிடித்து நிலவறைக்கு ஓடினேன்.
ஈய வீட்டுக்குள் ஜெர்மானியப் படிகம் காத்திருந்தது.
எண்ணூற்று நாற்பத்தேழில் கூர்முனை
சுத்தமாய் எழுந்தது.
கணக்குப் போட்டேன்.

எண்பத்தெட்டு மில்லிபார்ன்.

உலகம் நாற்பது வருடமாய்ச் சொல்வது நூற்றுப் பத்து.

தகட்டை மறுபடி நிறுத்தேன். அதே எடை.
அலுமினியத்தைச் சந்தேகித்தேன், படிகத்தைச் சந்தேகித்தேன்,
ஹைக்கோவையும் கொஞ்சம்.
அவன் உலகத்தைச் சந்தேகித்தான்:
"எல்லாரும் தப்பாவே அளந்திருந்தா?"
அவன் கண்ணில் ஒரு கட்டுரை மின்னியது.

ரொட்டி வாங்க இறங்கினேன்.
ஏழுக்குத் திறக்கும் கடை
என் கைக்கடிகாரத்தில் ஏழாகியும் பூட்டிக் கிடந்தது.
கண்ணாடியைத் தட்டினேன்.
முழங்கை வரை மாவோடு ஒரு பெண் நிமிர்ந்து
சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள்.
ஆறு.

குளிர்கால நேரம்.
மூன்று மணியை இரண்டாக்கும் இரவு.

முடுக்கியின் பழைய கணினிக்கு யாரும் சொல்லவில்லை.
எண்ணும் கணினிக்குத் தானாகவே தெரிந்துவிட்டது.
நிறுத்தியது 2:20, எண்ணத் தொடங்கியது 2:25.
ஐந்து நிமிடம்.
எவ்வளவு ஒழுங்கான பதிவு!
நடுவில் சிவப்பு விளக்கோடு மல்லுக்கட்டிய ஒரு மணி நேரம்
எந்தக் கணினியிலும் நடக்கவே இல்லை.
மாங்கனீசில் மட்டும் நடந்திருந்தது.

ரொட்டி இல்லாமலே திரும்பினேன்.
ஒரு மணியைச் சேர்த்தேன்.
நூற்றுப் பத்து.
ஹைக்கோ நெடுநேரம் பேசவில்லை.
பிறகு, "ரொட்டி எங்கே?"

திங்கட்கிழமை தகட்டை உறையில் போட்டேன்.
மாங்கனீசு பூராவும் திரும்ப இரும்பாகிவிட்டது,
புறப்பட்ட அதே இரும்பு.
தராசுக்கு வித்தியாசம் தெரியாது.
குறிப்பேட்டில் 2:25க்குப் பக்கத்தில்
பென்சிலால் எழுதினேன்:
இரண்டாவது தடவை.